அடுத்த காரின் கதவு

மாணவ நண்பர்களே, என் நண்பர் ஒருவர் 1964ஆம் ஆண்டு அம்பாசிடர் காரொன்றைக் கண்ணெனப் போற்றி வருகிறார். அவ்வகைக் காரின் உற்பத்தியே 2014இல் நின்றுவிட்டது. ஆதலின், கதவு நெளிந்துவிடுமோ என்றஞ்சி, இரண்டு கார்களுக்குரிய இடத்தில் தம் காரைக் குறுக்கே நிறுத்துகிறார். அச்சம் நியாயமே, செயலை நான் ஒப்புவதற்கில்லை. இடமின்றித் திரும்புகிறவர் மருந்து வாங்க வந்தவராகவும் இருக்கலாமன்றோ?

கதவின் இயல்பைப் பாருங்கள். கீலிலிருந்து தொலைவிலுள்ள விளிம்பே மிக விரைந்து சுழல்கிறது. அவ்விசை முழுதும் மெல்லிய விளிம்பொன்றில் குவிந்து, ஒரு மில்லிமீட்டர் கனமும் இல்லாத தகட்டின்மேல் பாய்கிறது. குழி விழாமல் என் செய்யும்? வண்ணம் பெயராதிருந்தால், கைதேர்ந்தவர் உட்புறமிருந்து மெல்ல நெம்பி நிமிர்த்துவர். பெயர்ந்ததாயின் துருவுக்கு வழி பிறந்துவிடும்.

நெதர்லாந்தின் பெயரால் வழங்கும் முறையொன்று உண்டு. கதவுக்கு அருகிலுள்ள கையை விடுத்து, மறுகையால் திறப்பதே அது. மிதிவண்டியில் வருவோரைக் காக்கும் பொருட்டு, பிரிட்டனின் சாலை விதித் தொகுப்பிலும் 2022இல் இடம்பெற்றது. உடல் திரும்புவதால் பார்வை பின்னே செல்கிறது. கதவும் வீசித் திறவாது.

இதனை நண்பரிடம் சொன்னேன். “என் கை இருக்கட்டும், அடுத்த காரில் இருப்பவர் கை?” என்றார். அதனாலன்றோ இன்று உங்களிடம் பேச வந்தேன்!