சேமிப்புக் கணக்கு மாதிரியே உடம்புக் கணக்கும்



2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிற மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் நம்மைப் போன்ற சுயஉதவிக் குழுப் பெண்கள்தான். நானும் அதில் ஒருத்தி. பயிற்சியில் படித்ததில் மூன்று விஷயம் சொல்கிறேன்.

முதலாவது, அளவு. வயலில் இருந்து வேகமா வந்தவங்களுக்கு உடனே கருவியைக் கட்டினா அளவு கூடத்தான் காட்டும். ஐந்து நிமிடம் உட்கார வைத்துப் பார்க்கணும். 140க்கு 90, அதற்கு மேல் இருந்தா பயமுறுத்தாம ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பணும்.

இரண்டாவது, வீடு. அடுப்புப் புகை வெளியே போக வழி இருக்கா, தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இருக்கா என்று பாருங்க. டெங்கு கொசு முட்டையில் இருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால வாரம் ஒருமுறை தொட்டியைத் தேய்த்துக் கழுவச் சொல்லணும். தண்ணீரை மட்டும் கொட்டினா முட்டை ஓரத்தில் ஒட்டிக்கிட்டே இருக்கும்.

மூன்றாவது, பதிவு. பூட்டின வீட்டுக்குப் போன மாத அளவையே செல்போனில் ஏற்றக் கூடாது. அந்த எண்ணைப் பார்த்துத்தான் டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார், குறைப்பார். பொய் எண் ஒரு உயிரோட விளையாடும். ‘வீடு பூட்டியிருந்தது’ என்று பதிவதில் வெட்கம் இல்லை.

சேமிப்பில் பத்து ரூபாய் இடித்தாலும் கணக்கு நேராகிற வரைக்கும் நாம் எழுந்திருக்க மாட்டோம். அதே நேர்மையை உடம்புக் கணக்கிலும் காட்டுவோம்.