தண்டனையா, துணையா?

(இளைஞர் மன்றக் கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



நீதிமன்றங்களிற் பல ஆண்டுகள் நின்று வாதாடியவன் என்ற முறையில் ஒன்று சொல்லுகிறேன். பதினாறு, பதினேழு வயதுப் பையன் ஒருவனுக்காகப் பிணை கேட்கும்போது, "இவன் படிக்கிறானா, தொழில் செய்கிறானா?" என்ற கேள்வி நீதவானிடமிருந்து எழும். இரண்டும் இல்லை என்பதே பெரும்பாலும் நான் கூறவேண்டிய விடை. பிணை கிடைக்கும். ஆனால் பிணையில் வந்தவன் மறுநாட் காலையில் எங்கே போவான்? அதற்குச் சட்டப் புத்தகத்தில் விடை இல்லை.

"இப்படிப்பட்டவர்களை இராணுவத்திடம் ஒப்படையுங்கள், திருந்திவிடுவார்கள்" என்று சொல்வோர் நம்மிடையே உளர். சான்றாக அவர்கள் அமெரிக்காவைக் காட்டுகின்றனர். நல்லது, அமெரிக்காவையே சாட்சிக் கூண்டில் ஏற்றி விசாரிப்போம்.

அந்நாட்டில் இருவகைப் பயிற்சிகள் இருந்துள்ளன. இரண்டிலும் அதிகாலை எழுச்சி உண்டு, அணிவகுப்பு உண்டு, சீருடை உண்டு. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. பயனோ வேறு.

முதலாவது, குற்றவாளிகளுக்கான பயிற்சி முகாம். 1983ஆம் ஆண்டு ஜோர்ஜியா, ஒக்லஹோமா மாநிலங்களில் இது தொடங்கியது. பின்னர் சிறுவர்க்கும் விரிந்தது. அதட்டுவதும் உடலை வருத்துவதுமே அங்கு மருந்து. அம்முகாம்களிலிருந்து வெளியேறியவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகக் குற்றம் புரிந்தார்கள் என்பதை ஆய்வுகள் நிலைநாட்டவில்லை. 2006ஆம் ஆண்டு புளோரிடாவில் இத்தகைய முகாமொன்றிற் சேர்க்கப்பட்ட அன்றே 14 வயதுச் சிறுவன் ஒருவன் காவலர்களால் பலாத்காரமாக அடக்கப்பட்டான், மறுநாள் மாண்டான். குற்றஞ் சாட்டப்பட்டோரை 2007இல் ஜூரிகள் விடுதலை செய்தனர். ஆனால் அந்த மாநிலமே அம்முறையை நீடிக்கத் துணியவில்லை. 2006இலேயே அதை ஒழித்தது.

இரண்டாவது, 1993ஆம் ஆண்டு தேசியக் காவற்படையின் பொறுப்பில் தொடங்கப்பட்ட 'சலெஞ்' என்னும் இளைஞர் திட்டம். 16 முதல் 18 வயது வரையுள்ள, பாடசாலையை விட்டு விலகிய பிள்ளைகளுக்கானது. எவரையும் நீதிமன்றம் அங்கு தண்டனையாக அனுப்புவதில்லை; தானே விரும்பி விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் இல்லை. 22 வாரம் முகாமில் தங்கிப் பாடம், உடற்பயிற்சி, தொழிற்றிறன், ஊர்த்தொண்டு முதலியவற்றைக் கற்கின்றனர். முடிவில் படையிற் சேரவேண்டும் என்ற கடப்பாடு கிடையாது. அதன்பின் ஓராண்டு முழுவதும் வழிகாட்டி ஒருவர் துணை நிற்கிறார். அந்த வழிகாட்டியைத் தன் ஊரிலிருந்து, தானறிந்த பெரியவர்களுள் ஒருவராகப் பிள்ளையே முன்மொழிகின்றது!

பயன் என்ன? 2005, 2006 ஆண்டுகளில் விண்ணப்பித்தோரைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் இடமளித்து, மூன்றாண்டு தொடர்ந்து ஆராய்ந்தனர். 2011இல் முடிவு வெளியாயிற்று. இடம் பெற்றோருள் 100க்கு 72 பேர் பாடசாலைச் சான்றிதழோ அதற்குச் சமமான தேர்ச்சியோ பெற்றிருந்தனர். இடம் பெறாதோருள் 56 பேர். கல்லூரிப் பாடங்களில் தேறியோர் 35, மறுபக்கம் 19. சம்பாத்தியமும் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு கூடியிருந்தது. செலவிட்ட ஒவ்வொரு டொலருக்கும் 2.66 டொலர் பெறுமதியான நன்மை விளைந்ததென 2012இல் வேறோர் ஆய்வு கணக்கிட்டது.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் நான் மறைக்கமாட்டேன். முகாமுக்குப் போகாமலே 56 பேர் தேறினர். ஆகவே திட்டம் தந்த உண்மையான லாபம் 16 பேரே. மூன்றாண்டின் பின் குற்றச் செயல்களில் இரு பிரிவாருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடும் காணப்படவில்லை. இது மந்திரக்கோல் அன்று. ஆனால் 100 குடும்பங்களுள் 16 குடும்பங்களின் பிள்ளை கரையேறுவது சிறிய காரியமா? அந்தப் பதினாறு பேரின் தாய்மாரைக் கேளுங்கள்!

இனித் தீர்ப்புக்கு வருவோம். சீருடை இரண்டிலும் இருந்தது. ஒன்று தோற்றது, மற்றொன்று வென்றது. ஆகவே வெற்றிக்குக் காரணம் சீருடையாக இருக்க முடியாது. பிள்ளையின் சம்மதம், பாடம், ஓராண்டுத் துணை ஆகியனவே வேற்றுமை. வழிகாட்டியோடு நீண்டகாலம் உறவைப் பேணியவர்களே கல்வியிலும் தொழிலிலும் மேம்பட்டனர் என்பது இதற்கு மேலும் அரண் செய்கின்றது.

நம் நாட்டில் 2011ஆம் ஆண்டு இராணுவ முகாம்களில் தலைமைத்துவப் பயிற்சி நடத்தினார்கள். யாருக்கு? பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான மாணவருக்கு! பரீட்சையில் வென்றவனை முகாமுக்கு அழைத்தார்கள். வகுப்பறையை விட்டு வெளியேறியவனை யார் அழைத்தார்கள்? போரைக் கண்ட வடக்குக் கிழக்கிலே, சீருடையைக் கண்டால் வீட்டுக் கதவைச் சாத்திய தாயிடம், "உன் பிள்ளையை முகாமுக்கு அனுப்பு" என்று கூற எவருக்கு வாய் வரும்? அங்கே சம்மதம் என்ற சொல்லுக்கே பொருள் இராது.

ஆதலால் நாம் கேட்கவேண்டியது முகாம் அன்று. சாதாரண தரத்துக்கு முன்னரே விலகிய பிள்ளைகளுக்குத் தங்குமிடத்தோடு கூடிய இரண்டாவது வாய்ப்பு. அது ஆசிரியர் பொறுப்பில், குடிசார் நிருவாகத்தின் கீழ், சொந்த மொழியில் நடைபெற வேண்டும். வெளிவந்தபின் ஓராண்டுத் துணை வேண்டும். முன்னையதை அரசாங்கத்திடம் கேட்போம். பின்னையதைக் கேட்க எந்த அலுவலகத்துக்கும் போகவேண்டியதில்லை. இம்மண்டபத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களே, தச்சர்களே, கடைக்காரர்களே, ஒவ்வொருவரும் ஒரு பிள்ளைக்கு ஓராண்டு துணை நில்லுங்கள். அடுத்தமுறை நீதவான் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது, "இவனுக்குத் துணை இன்னார்" என்று உங்கள் பெயரைச் சொல்லும் உரிமையை எனக்குத் தாருங்கள்.