தொப்பிக்கு விலை உண்டு, பின்னிய கைக்கு?

(பொத்தேரியில் இளைஞர்களும் வணிகர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

உங்கள் தலையில் இருக்கும் தொப்பியைக் கழற்றி ஒரு நிமிடம் கையில் வைத்துப் பாருங்கள். கடையில் கிடைக்கும் ஜாலித் தொப்பியில் இரண்டு வகை உண்டு. ஒன்று மெஷினில் வந்தது. மற்றொன்று குரோஷா ஊசியால் ஒரு பெண் உட்கார்ந்து, வளையத்துக்குள் வளையம் கோத்துப் பின்னியது.

பனியனையும் ஸ்வெட்டரையும் மெஷின் பின்னும். திருப்பூரும் லூதியானாவும் அதனால்தான் வளர்ந்தன. ஆனால் குரோஷாவை அச்சு அசலாகப் பின்னித் தள்ளும் மெஷின் எந்த ஆலையிலும் ஓடவில்லை. அதுபோலத் தோற்றம் தரும் துணியைத்தான் மெஷின் தருகிறது. அப்படியானால் அசல் குரோஷாப் பொருள் ஒன்று அடிமாட்டு விலைக்குக் கிடைக்கிறது என்றால் என்ன பொருள்? எங்கோ ஒரு பெண்ணின் உழைப்பு அடிமாட்டு விலைக்குப் போயிருக்கிறது என்றுதான் பொருள். சிந்தித்துப் பாருங்கள்!

வங்கதேசத்தின் பொகுரா பகுதிக் கிராமங்களில் பெண்கள் பின்னும் ஜாலித் தொப்பிகள் வளைகுடா நாடுகளுக்குக் கப்பல் ஏறுகின்றன. தொழுகைக்கு அணியும் தொப்பியிலேயே கூலிக் கணக்கு ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

நரசாப்பூர் சொல்லும் பாடம்

ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டத்தில் நரசாப்பூர் என்று ஓர் ஊர். 19ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ மிஷனரிகள் அங்கே லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தார்கள். சுற்றுக் கிராமங்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் குரோஷா லேஸ் பின்ன, அது வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியானது. ஜெர்மன் நாட்டு ஆய்வாளர் மரியா மீஸ் 1970களின் இறுதியில் அங்கே தங்கி ஆராய்ந்து, 1982இல் ஒரு நூலாக வெளியிட்டார். நாள் முழுக்க வீட்டு வேலையும் செய்து, மணிக்கணக்கில் லேஸும் பின்னிய பெண்ணுக்கு அன்று கிடைத்தது சராசரியாக நாளொன்றுக்கு ஒரு ரூபாய்கூட இல்லை! வயலில் கூலி வேலை செய்த பெண்கள்கூட அதைவிட அதிகம் வாங்கினார்கள்.

ஏன் இந்த நிலை? மூன்று காரணங்கள்.

ஒன்று, அவர்கள் 'குடும்பப் பெண்கள்' எனப்பட்டார்கள். 'சும்மா இருக்கும் நேரத்தில் பின்னுகிறார்கள், அதற்கு எதற்குக் கூலி' என்ற எண்ணம் வியாபாரியிடமும் இருந்தது, கணவனிடமும் இருந்தது.

இரண்டு, அவர்களில் பலர் கோஷா வழக்கத்தினால் வெளியே வராதவர்கள். நூலை ஏஜெண்டு வீட்டில் கொண்டு வந்து தருவார், லேஸையும் அவரே வாங்கிப் போவார். சந்தையில் அது என்ன விலைக்குப் போகிறது என்று பின்னியவளுக்குத் தெரியாது.

மூன்று, வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். ஒருத்தி பூ மட்டும் பின்னுவாள். இன்னொருத்தி எல்லாவற்றையும் இணைப்பாள். முழு மேசைவிரிப்பைத் தன் கையால் செய்தேன் என்று சொல்ல ஒருத்தியும் இல்லை. அப்புறம் எப்படி விலை பேச முடியும்?

2024இல் நரசாப்பூர் லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சிதான். நமது திருநெல்வேலிப் பக்கம் லெப்பைக் குடும்பத்துப் பெண்கள் நெய்யும் பத்தமடைப் பாய்க்கும் அந்தக் குறியீடு உண்டு. ஆனால் குறியீடு பொருளின் பெயரைக் காக்கும். கூலியைத் தானாக உயர்த்தாது. கூலியை உயர்த்த வேண்டியது, வாங்கி விற்கிற நாம்தான்.

நம் வீட்டுக் கணக்கு

சகோதரர்களே! நரசாப்பூர் தூரத்தில் இல்லை. தாம்பரம் முதல் மறைமலைநகர் வரை ஜி.எஸ்.டி. சாலையின் இரு பக்கமும் எத்தனையோ வீடுகளில் நம் தாய்மார்களும் சகோதரிகளும் தொப்பியும், குழந்தைக் குல்லாவும், கைப்பையும் பின்னுகிறார்கள். விலை என்ன என்று கேட்டால், 'நூல் விலையைப் போல மூன்று மடங்கு' என்கிறார்கள். யாரோ சொல்லிக் கொடுத்த கணக்கு. அது சரியா என்று பார்ப்போம்.

உதாரணத்துக்கு ஒரு தொப்பி. நூல் 40 ரூபாய். பின்ன 5 மணி நேரம். பாரிமுனைக்குப் போய் நூல் வாங்கி வந்த ரயில் செலவு, பை, பாழான நூல் எல்லாம் சேர்த்து தொப்பிக்கு 20 ரூபாய். மூன்று மடங்குக் கணக்கில் விலை 120 ரூபாய். அதில் செலவு 60 போக மீதி 60. ஐந்து மணி நேரத்துக்கு 60 ரூபாய் என்றால் மணிக்கு 12 ரூபாய். எட்டு மணி நேரம் குனிந்து பின்னினாலும் 96 ரூபாய்தான்! 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயிக்கப்பட்ட கூலியே நாளொன்றுக்கு 336 ரூபாய்.

கணக்கைத் திருப்பிப் போடுங்கள். முதலில் கூலியை எழுதுங்கள். மணிக்கு 50 ரூபாய் என்றால் 5 மணிக்கு 250. நூல் 40, இதரச் செலவு 20. அடக்கம் 310. தொழில் வளர, கெட்டுப்போனதை ஈடுகட்ட, 40 ரூபாய் லாபம். ஆக மொத்த விலை 350. கடைக்காரர் வாடகை, கரண்ட், அவர் உழைப்பு என்று 100 வைத்தால் கடை விலை 450.

ஒன்றைக் கவனியுங்கள். கடையில் 450க்கு விற்கும் பொருளை வீட்டுக்கு வந்து கேட்பவருக்கு 350க்குக் கொடுத்தால், அடுத்த மாதம் கடைக்காரர் வாங்கமாட்டார். சில்லறைக்கு எங்கும் ஒரே விலை இருக்க வேண்டும்.

'ஐம்பது ரூபாய்க்கு மெஷின் தொப்பி கிடைக்கும்போது 450 யார் தருவார்?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எல்லோரும் தரமாட்டார்கள். மெஷினோடு விலையில் மல்லுக்கட்டுவது வீண். மாப்பிள்ளைக்கு அளவெடுத்துப் பின்னும் தொப்பி, பெயர் சூட்டும் வீட்டுக்குக் குழந்தை செட், கேட்கிற நிறத்தில் கைப்பை என மெஷின் தராததைக் கொடுங்கள். சென்னை வெயிலுக்குக் கம்பளி ஸ்வெட்டர் ஓடாது, பருத்தி நூல் ஓடும். பொத்தேரியில் பல மாநிலங்களிலிருந்து வந்து படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் முடியும் சாவிக்கொத்தும் பூவும் அவர்களுக்கு ஏற்றவை. அதே மணிக்கூலியை வைத்தாலும் நூறு ரூபாய்க்குள் விலை அடங்கிவிடும். எந்தப் பொருளில் நியாயக் கூலி தேறவில்லையோ, அதைப் பின்னாமல் விடுங்கள்.

வணிகர்களுக்கு

கூலி இவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்பது மதரஸாவில் இஜாரா பாடத்தில் ஓதிய நிபந்தனை. 'பின்னிக் கொண்டு வாம்மா, பார்த்துத் தருகிறேன்' என்ற பேச்சு இங்கே செல்லாது. ஆகவே நான்கு காரியங்கள் செய்யுங்கள்.

நூல் கொடுக்கும்போதே கூலியைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். சரக்கு கைக்கு வந்த அன்றே பணம் கொடுங்கள். விற்ற பிறகு என்று இழுக்காதீர்கள். குறை என்று கழித்த சரக்கைத் திருப்பிக் கொடுங்கள். கூலியைக் கழித்துவிட்டு அதையே விற்பது மோசடி. நாலாவது, கடையில் என்ன விலைக்கு விற்கிறீர்கள் என்பதை மறைக்காதீர்கள். நரசாப்பூரில் மறைக்கப்பட்டது அதுதான்.

வீட்டிலிருந்து உழைப்பவரையும் தொழிலாளியாக மதிக்க வேண்டும் என்று 1996இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 177ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. அதற்காக வாதாடியவர்களில் அகமதாபாத்தில் 1972இல் எலா பட் தொடங்கிய சேவா என்ற பெண்கள் தொழிற்சங்கமும் ஒன்று. இந்தியா அதற்கு இன்னும் ஒப்புதல் அளிக்கவில்லை. அரசு போடாத கையெழுத்தை உங்கள் கடைச் சீட்டில் நீங்கள் போடலாமே!

இளைஞர்களே!

உங்களுக்குப் பெரிய வேலை காத்திருக்கிறது. உம்மாவோ அக்காவோ லாத்தாவோ பின்னும்போது பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கினார், எத்தனை மணிக்கு முடித்தார், நூல் எத்தனை கிராம் என்று எழுதுங்கள். இந்த நோட்டு இல்லாமல் விலை சொல்வது குருடன் யானையைத் தடவிய கதை. செல்போனில் படம் எடுத்து விலையோடு போடுங்கள். 'விலைக்குத் தனியாகக் கேட்கவும்' என்று போடாதீர்கள். அளவெடுத்துச் செய்யும் ஆர்டருக்குப் பாதிப் பணம் முன்பணமாக வாங்குங்கள். உங்கள் உழைப்புக்குப் பங்கு வேண்டுமானால் எவ்வளவு என்று வெளிப்படையாகச் சொல்லி எடுங்கள். பணம் அவர் கைக்கோ, அவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கோ போகட்டும்.

'தெரிந்தவர்தானே, குறைத்துக் கொடு' என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். குறைக்கலாம். ஆனால் லாபத்தில் குறையுங்கள், கூலியில் கை வைக்காதீர்கள். நாமும் அந்த இடத்தில் நின்று வாங்குகிறவர்கள்தான். ஆட்டோக்காரரிடமும் கறிக்கடையிலும் கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு, ஐந்து மணி நேரம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு பின்னிய சகோதரியிடம் மட்டும் பேரம் பேசுவது எந்த ஊர் நியாயம்?

இந்த வாரமே உங்கள் வீட்டில், உங்கள் தெருவில், பின்னுகிறவர் யார் என்று விசாரியுங்கள். ஒரே ஒரு பொருளுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மணிக்கு எவ்வளவு தேறுகிறது என்று அவரிடமே சொல்லுங்கள். அடுத்த விலையை அவரே சொல்வார், இன்ஷா அல்லாஹ்.

உழைப்பவரின் உரிமையை அறிந்து கொடுக்கிறவர்களாக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக! வஸ்ஸலாம்.