துப்புரவு – பிறப்புத் தொழிலா, பயிற்சித் தொழிலா?

(வெள்ளி விழாவில் மாலைப் பள்ளி ஆசிரியர்கள் சார்பில் ஆற்றிய சொற்பொழிவு)

    

ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் அமைந்த இந்த ஒடுகத்தூரில் நம் கல்விச் சங்கம் கால் நூற்றாண்டை நிறைவு செய்துள்ளது. இந்நன்னாளில் 'நோய்த்தொற்றுக் கழிவுகளை அகற்றும் பணிக்கு வேண்டிய பயிற்சியும் பண்புகளும்' என்னும் பொருள் பற்றிப் பேச நாங்கள் இசைந்தோம். பொருளை அறிவித்த அன்றே பெரியவர் ஒருவர் எங்களைத் தேடி வந்தார். "பிள்ளைகள் கையிலிருந்த துடைப்பத்தைப் பிடுங்கிப் புத்தகத்தைக் கொடுக்கத்தானே ஐயா இந்தச் சங்கத்தைத் தொடங்கினோம்? வெள்ளி விழா மேடையில் மறுபடியும் துடைப்பத்தைப் பற்றியா பேசப் போகிறீர்கள்?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் நியாயம் உண்டு. அதற்கு விடை கூறாமல் மேலே செல்வது முறையன்று.

நம் முன்னோர் செத்த மாட்டை அப்புறப்படுத்தினர், சுடுகாட்டைக் காத்தனர், ஊர்ச் சாக்கடையை வாரினர். அவர்களை யாரும் 'உனக்கு இவ்வேலை தெரியுமா?' என்று கேட்டதில்லை. யாரும் கற்பித்ததும் இல்லை. இன்ன தெருவில் பிறந்தாய், ஆகவே இது உன் வேலை என்றார்கள். அண்ணல் அம்பேத்கர் 1936ஆம் ஆண்டு வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' என்னும் நூலில், தொழிலைப் பகுத்துக்கொள்வது வேறு, தொழிலாளரையே மேல் கீழாகப் பகுப்பது வேறு என்று தெளிவாக விளக்கினார். நம்மிடம் நடந்தது இரண்டாவது. ஆபத்தை நம்மிடம் தந்தார்கள். அந்த ஆபத்தை வெல்லும் அறிவைத் தரவில்லை.

இதே பணி அறிவோடு சேர்ந்தபோது என்ன மதிப்புப் பெற்றது என்று பாருங்கள். 1847ஆம் ஆண்டு வியன்னா நகர மருத்துவமனையில் செம்மல்வைசு என்னும் மருத்துவர், பிணப் பரிசோதனை செய்துவிட்டுப் பிரசவம் பார்க்க வரும் மருத்துவர்கள் குளோரின் சேர்ந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவ வேண்டும் என்று விதித்தார். பிள்ளை பெற்ற தாய்மாரின் சாவு வெகுவாகக் குறைந்தது. நம் பேரூராட்சித் தொழிலாளி சாக்கடை ஓரம் தூவுகிறாரே பிளீச்சிங் பவுடர், அதுவும் அந்த இனத்தைச் சேர்ந்த பொருள்தான். மருத்துவரின் கையில் அது அறிவியல் ஆயிற்று. நம்மவர் கையில் அது இழிதொழில் ஆயிற்று. பொருளில் வேற்றுமை இல்லை. மனிதனைப் பார்க்கும் பார்வையில்தான் வேற்றுமை.

மூன்று பிறைகளை ஒரு வளையத்தில் கோத்தாற்போன்ற ஒரு குறியை மருத்துவமனைப் பைகளின் மேல் நீங்கள் கண்டிருக்கலாம். 'இதில் உயிருக்குத் தீங்கு செய்யும் நோய்க்கிருமி உண்டு' என்பது அதன் பொருள். 1966இல் அமெரிக்காவில் அதை வடிவமைத்தனர். அந்நாட்டில் 1991இல் வந்த ஒரு விதி, இரத்தத்தோடு பழகும் தொழிலாளி எவராயினும், முதலாளியின் செலவில் தடுப்பூசியும் பாதுகாப்புக் கருவிகளும் பெற உரிமை உடையவர், வேலையில் சேரும்போதும் ஆண்டுதோறும் பயிற்சி பெற வேண்டும் என்று கூறுகிறது. விபத்தும் சாவும் நிகழ்ந்த வீடுகளைத் தூய்மை செய்வதையே தனித் தொழிலாக நடத்துவோர் அங்கு உளர். பயிற்சி பெற்ற எவரும் அத்தொழிலுக்கு வரலாம். எத்தெருவில் பிறந்தாய் என்ற கேள்வி அங்கில்லை.

நம் வட்டாரத்துக்கு வருவோம். வேலூர் மருத்துவத்துக்குப் பெயர் பெற்ற நகரம். 1986ஆம் ஆண்டு மருத்துவர் சுனிதி சாலமன் குழுவினர் சென்னையில் திரட்டிய இரத்த மாதிரிகள் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில்தான் சோதிக்கப்பட்டு, எச்.ஐ.வி. கிருமி இந்தியாவில் இருப்பது முதன்முதலாக உறுதி செய்யப்பட்டது. மருத்துவமனைகள் பெருகப் பெருக, அவற்றில் சேரும் கழிவும் பெருகுகிறது. அதை அள்ளும் கைகளில் நம் தெருப் பிள்ளைகளின் தாய் தந்தையர் கைகள் எத்தனை என்பதை இங்கு அமர்ந்திருப்போரே அறிவீர்கள்.

எங்கள் மாலைப் பள்ளி மாணவி ஒருத்தியின் தாய், வெளியூரில் ஒரு மருத்துவமனையில் ஒப்பந்தக்காரர் மூலம் வேலை பார்த்தார். ஒருநாள் குப்பைப் பையைத் தூக்கும்போது, பையைத் துளைத்துக்கொண்டு வந்த ஊசி தொடையில் குத்திவிட்டது. சொன்னால் வேலை போய்விடும் என்று அஞ்சி, துணியால் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். நான்காம் நாள்தான் மகளிடம் கூறினார். மகள் எங்களிடம் ஓடி வந்தாள். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் மிக நன்று. தொடர்ந்து 28 நாள் உண்ண வேண்டும். அந்தக் காலம் கடந்துவிட்டது. பின்னர்ச் செய்த சோதனைகளில் நோய் ஏதுமில்லை என்று தெரிந்தது. அதுவரை அந்த வீட்டில் எவரும் சரியாக உறங்கவில்லை. தப்பியது அவருடைய நற்பேறு. நற்பேற்றை நம்பி ஒரு தொழிலை நடத்தலாமா?

அந்தத் தாய்க்கு என்னென்ன கற்பித்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பார்த்தோம். அதுவே இந்தத் தொழிலின் பாடத்திட்டம் ஆகும்.

முதலாவது, தடுப்பூசி. நோயுற்றவர் உடலில் ஏறிய ஊசி, தடுப்பூசி போடாத ஒருவரைக் குத்தினால், ஹெபடைட்டிஸ் பி என்னும் காமாலைக் கிருமி பற்ற நூற்றுக்கு 6 முதல் 30 வரை வாய்ப்புண்டு; சி வகைக்கு அதனினும் குறைவு; எச்.ஐ.வி.க்கு ஆயிரத்துக்கு 3. நாம் மிகவும் அஞ்சும் நோயைக் காட்டிலும் பெயரே கேள்விப்படாத நோய் எளிதில் பற்றுகிறது! ஆனால் பி வகைக்குத் தடுப்பூசி உண்டு. முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று என மூன்று ஊசிகள் போதும்.

இரண்டாவது, பிரித்தறிதல். 1998இல் வந்து 2016இல் புதுக்கப்பட்ட உயிர்மருத்துவக் கழிவு விதிகள் நான்கு நிறங்களை வகுத்துள்ளன. இரத்தம் தோய்ந்த பஞ்சும் உடலுறுப்பும் மஞ்சள் பையில். குழாய், கையுறை போன்ற நெகிழிப் பொருள்கள் சிவப்பில். ஊசியும் கத்தியும் துளைக்க முடியாத வெள்ளைக் கலத்தில். கண்ணாடிப் பொருள்கள் நீலத்தில். மஞ்சள் பைக் கழிவைப் பதப்படுத்தாமல் 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருத்தல் கூடாது. அந்தத் தாயைக் குத்திய ஊசி வெள்ளைக் கலத்தில் இருந்திருக்க வேண்டியது. அதைப் பையில் போட்டவர் துப்புரவாளர் அல்லர்; ஊசி போட்டவரே! ஆகவே இப்பயிற்சி மேலிருப்போர்க்கும் வேண்டும்.

மூன்றாவது, கணக்கு. தரையில் சிந்திய இரத்தத்தின் மேல் உறிஞ்சும் துணியைப் போர்த்தி, குளோரின் 1 விழுக்காடு உள்ள கரைசலை ஊற்றி, குறைந்தது 10 நிமிடம் காத்திருந்து, பிறகே துடைக்க வேண்டும். பவுடரில் குளோரின் 30 விழுக்காடு இருந்தால் ஒரு லிட்டர் நீருக்கு எத்தனை கிராம் வேண்டும்? மாணவர்களே, இது உங்கள் விகிதக் கணக்குத்தான். ஏறத்தாழ 33 கிராம். குறைந்தால் கிருமி சாகாது; மிகுந்தால் உங்கள் தோலும் மூச்சும் கெடும். அதனோடு கழிப்பறை ஆசிட்டைக் கலந்தால் நச்சு வாயு எழும். விகிதம் அறியாதவன் கையில் மருந்தும் நஞ்சாகும்.

நான்காவது, ஒழுங்கு. கையுறையை எப்படி மாட்டுவது என்பதைவிட எப்படிக் கழற்றுவது என்பதே பெரிய பாடம். வெளிப்புறம் உள்ளே அடங்கும்படி உரிக்க வேண்டும். முகக்கவசத்தைக் கடைசியில் கழற்ற வேண்டும். பின்பு சோப்பால் கை கழுவ வேண்டும். உடைந்த கண்ணாடியை இடுக்கியால் எடுக்க வேண்டும். ஊசி குத்தினால் புண்ணைப் பிதுக்காமல், சோப்பும் நீரும் கொண்டு கழுவி, அந்த நொடியே மேலாளரிடம் சொல்ல வேண்டும்.

இனி, பண்புகள். பொறுமை வேண்டும், அவசரக்காரனுக்கு இத்தொழில் ஆகாது. மறைக்காத நேர்மை வேண்டும். ஆனால் உண்மை சொன்னவரை வேலையை விட்டு நீக்கும் இடத்தில் நேர்மையை எதிர்பார்ப்பது எங்ஙனம்? அந்தத் தாயின் மௌனத்துக்கு அவரது அச்சம் மட்டுமா காரணம்? இரக்கம் வேண்டும், சாவு நிகழ்ந்த வீட்டில் கண்டதை வெளியே பேசாத அடக்கம் வேண்டும். மனத்திடம் வேண்டும், ஆயினும் தாங்க முடியாததைக் கண்டபோது உடன் வேலை செய்வோரிடம் மனம் விட்டுப் பேசுவது கோழைத்தனம் அன்று. குடித்தாலன்றி இந்த வேலையைச் செய்ய முடியாது என்று கூறும் தொழிலாளர் உளர். அவர்களை நாங்கள் பழிக்க மாட்டோம். அறிவை மயக்கிக்கொண்டாலன்றிச் செய்ய இயலாத வேலையை ஒரு மனிதனிடம் கொடுத்ததே முதற் குற்றம்.

எல்லாவற்றினும் உயர்ந்த பண்பு ஒன்றுண்டு. அது 'முடியாது' என்று மறுக்கும் துணிவு. கழிவுநீர்த் தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயு தங்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வீசும். அளவு மிகுந்தால் மூக்கின் உணர்வே மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது, இறங்கலாம் என்று எண்ணுவோரை அது வீழ்த்திவிடும். விழுந்தவரைத் தூக்க இறங்கிய அண்ணனும் தம்பியும் அடுத்தடுத்து மாண்ட செய்திகளை நாம் எத்தனை முறை படித்துவிட்டோம்! பாதுகாப்பின்றித் தொட்டியில் இறங்கச் சொல்வது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதன்முறைக்கே இரண்டாண்டு வரை சிறையோ, இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இறந்தோர் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய் தர 2014இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023இல் அதை முப்பது இலட்சமாக உயர்த்தியது. பிணத்துக்கு விலை உயர்ந்தது என்று மகிழ்வதற்கில்லை. பிணம் விழாமல் இருப்பதே நாம் கேட்பது.

மறுப்பதற்கும் வழி காட்டியோர் உளர். வட ஆர்க்காட்டிலிருந்து பிழைப்புத் தேடிப் போனோர் பலர் உழைத்த கோலார் தங்கவயலில், மலம் அள்ளிய குடும்பம் ஒன்றில் பிறந்தவர் பெசவாடா வில்சன். அவர் படித்தார், அந்த வேலையை ஏற்காமல், நாடெங்கும் அதை ஒழிக்கும் இயக்கத்தை வளர்த்தார். 2016இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. நம் ஆரணிப் பக்கத்திலிருந்து சென்ற சுவாமி சகஜானந்தர், 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் கல்விக் கழகம் கண்டதும் நம் பிள்ளைகளுக்கு வேறு வழி திறக்கத்தானே?

ஆகவே பெரியவரின் கேள்விக்கு எங்கள் விடை இது. இத்தொழிலுக்குப் போங்கள் என்று எந்தப் பிள்ளையிடமும் நாங்கள் கூறவில்லை. மருத்துவராகுங்கள், வழக்கறிஞராகுங்கள், பிடித்ததைப் படியுங்கள். உயிரியல் படித்தோர் நுண்ணுயிரியல் பயிலலாம். சுகாதார ஆய்வாளர் பயிற்சிக்குச் செல்லலாம். திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தில் அப்பயிற்சி உண்டு. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் மருத்துவமனைக் கழிவு மேலாண்மையில் சான்றிதழ்ப் படிப்பு நடத்துகிறது. கழிவை அள்ளுவோராக மட்டுமன்றி, அதை எவ்வாறு அகற்ற வேண்டும் என்று ஆணையிடுவோராகவும் நம் பிள்ளைகள் அமர வேண்டும். அந்த நாற்காலியில் நம்மவர் இருந்தால், மஞ்சள் பையில் ஊசி போட்டவரைக் கேள்வி கேட்பார் அன்றோ!

ஆனால் இன்றிரவு வேலைக்குப் போகும் தாயை, 'பிள்ளை படித்து வரும்வரை பொறுத்திரு' என்று சொல்லி நாம் விட்டுவிட முடியுமா? அவருக்காகவே இந்தப் பேச்சு. வரும் ஞாயிறு முதல் மாலைப் பள்ளியில் ஒரு மணி நேரத்தை இத்தகைய வேலை பார்ப்போருக்கென ஒதுக்குகிறோம். எழுதப் படிக்கத் தெரியாதோரும் வரலாம். நிறங்களுக்கு எழுத்து வேண்டியதில்லை. வருவோரிடம் மூன்று கேள்விகளைக் கேட்போம். மூன்று தடுப்பூசியும் போட்டாயிற்றா? கையுறை யார் செலவில் வந்தது? ஊசி குத்தினால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று தெரியுமா? விடை இல்லாத கேள்விகளை மனுவாக எழுதித் தருவது எங்கள் பொறுப்பு. தடுப்பூசியும், ஆண்டுதோறும் உடற்சோதனையும், பயிற்சியும் 2016ஆம் ஆண்டு விதிகள் கூறும் உரிமைகள். எவரும் இரங்கிக் கொடுக்கும் பிச்சை அல்ல.

அந்த மாணவி இவ்வகுப்பில் நிறங்களைச் சொல்லித்தர முன்வந்திருக்கிறாள். முதல் மாணவியாக அவள் தாய் அமரவிருக்கிறார். எங்களிடம் கேள்வி கேட்ட பெரியவரையும் அன்று வந்து முன்வரிசையில் இருக்குமாறு அன்புடன் அழைக்கிறோம்.