சாலை மராமத்தும் சர்க்கார் பணமும்



மழையில் சாலை பழுதானதும், "சர்க்கார் என்ன செய்கிறது?" என்று ஜனங்கள் கேட்பது இயல்பே. ஆயினும், அச்சாலைக்கு எந்தப் பொக்கிஷத்திலிருந்து பணம் வரவேண்டும் என்று விசாரிப்போர் சிலரே.

சென்னை நகரையே திருஷ்டாந்தமாகக் கொள்ளலாம். கிண்டியிலிருந்து அடையாறு செல்லும் சர்தார் படேல் சாலை மாநில நெடுஞ்சாலைத் துறையைச் சேர்ந்தது. அதிலிருந்து பிரியும் சிறு தெருக்களோ மாநகராட்சியின் பொறுப்பு. மயிலாப்பூரில் பஸ் ஓடும் வீதிகளை மாநகராட்சியின் தனிப் பிரிவு ஒன்றும், உட்புறத் தெருக்களை மண்டல அலுவலகமும் கவனிக்கின்றன. ஓரிடத்திற்குரிய மனு வேறிடம் சென்றால், அது திரும்பி வருமுன் பள்ளம் பெரிதாகிவிடும்.

பணத்தைப் பங்கிடும் முறையையும் அறிதல் அவசியம். ஜெயகர் தலைமையில் 1927-இல் அமைந்த கமிட்டியின் யோசனைப்படி, 1929-இல் பெட்ரோல் காலன் ஒன்றுக்கு 2 அணா அதிக வரி விதிக்கப்பட்டது. மத்திய சர்க்கார் அதில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கு நிதியாக நிறுத்திக்கொண்டு, மீதியைப் பெட்ரோல் செலவின் அளவுப்படி மாகாணங்களுக்கு அளித்தது. மோட்டார் மிகுந்த மாகாணம் அதிகம் பெற்றது. மாட்டு வண்டியையே நம்பிய பிரதேசம் குறைவாகவே பெற்றது.

அரசியலமைப்பின் 73, 74-ஆவது திருத்தங்கள் 1993-இல் அமலுக்கு வந்தன. அதுமுதல், ஐந்தாண்டுக்கு ஒருமுறை அமையும் மாநில நிதி ஆணையத்தின் சிபார்சைக் கொண்டு, மாநில வரி வருமானத்தில் ஒரு பங்கு உள்ளாட்சிகளுக்கு அளிக்கப்படுகிறது. அப்பங்கீட்டில் ஜனத்தொகை முக்கியமான அளவுகோல். வீட்டு வரி முதலிய சொந்த வருமானமும் இத்துடன் சேரும்.

ஆனால், ஜனத்தொகைக் கணக்கு பூமியின் தன்மையை அறியாது. தியாகராய நகர், மாம்பலம் ஏரி இருந்த இடத்தில் 1920-களில் உண்டாக்கப்பட்டது. பெருமழையில் அங்கே பல தெருக்களில் நீர் தேங்கும். நீர் தேங்கும் சாலை விரைவில் கெடும். கிராமத்து ஏரிக்கரைப் பாதைக்கும் இதுவே கதி. இதை எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் அவ்வூராரே.

நல்ல சங்கம், லாபம் முழுவதையும் டிவிடெண்டாகப் பகிர்ந்துவிடாமல் ஒதுக்கு நிதி சேர்க்கிறது. சாலையும் அத்தகையதே. போடும் நாளில் மாலையும் மேளமும் உண்டு, மராமத்துக்கோ கேட்பாரில்லை. சிறு பிளவை உடனே அடைத்தால் சொற்பச் செலவோடு போகும்; விட்டுவிட்டால் சாலையையே புதிதாகப் போட நேரிடும்.

ஆகையால், கிராம சபையில் மூன்று கேள்விகள் கேட்பது அங்கத்தினர் கடமை: இச்சாலை யாருடையது? இவ்வருஷம் மராமத்துக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு? ஐப்பசி மழைக்கு முன் அது செலவாகுமா? விடைகளைத் தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்யும்படியும் கேட்க வேண்டும். எழுதாத கணக்கு சங்கத்திற்கு உதவாது, சாலைக்கும் உதவாது.