படைக்கு ஆணை யார் தருவது?
(புதுவைப் பொதுக்கூட்ட உரையின் ஒரு பகுதி)



முதல் உலகப் போரில் மடிந்த நம் மைந்தர்க்கான நினைவுச் சின்னம் இதோ, இந்தக் கடற்கரையிலே நிற்கிறது. முடிவெடுத்தது பாரிசு, உயிர் கொடுத்தது புதுவை! அது அடிமைக் காலம்.

விடுதலைக்குப் பின் நடந்ததென்ன? 1987 ஜூலையில் இராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தம் செய்தனர். இந்திய அமைதிப்படை ஈழ மண்ணில் இறங்கிற்று. முன்கூட்டிப் பாராளுமன்றம் வாக்களித்ததா? இல்லை! அக்டோபரில் அமைதிப்படை போர்ப்படையாயிற்று. 1990 மார்ச்சில் அது திரும்புமுன் ஆயிரத்துக்கு மேற்பட்ட வீரர்கள் மாண்டனர். தமிழ் மக்கள் சிந்திய கண்ணீருக்கோ கணக்கில்லை.

அரசியல் சட்டத்தின் 53ஆம் விதி முப்படைத் தலைமையைக் குடியரசுத் தலைவருக்கு அளிக்கிறது, ஆணையிடுவதோ அமைச்சரவை. அந்த அதிகாரத்தைச் சட்டம் ஒழுங்குபடுத்தும் என்றும் அதே விதி கூறுகிறது. ஆயினும், அயல்நாட்டுக்குப் படை அனுப்பப் பாராளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்னும் சட்டம் இன்றுவரை பிறக்கவில்லை!

வியட்நாமில் சூடுபட்ட அமெரிக்கா, 1973இல் நிக்சனின் மறுப்பையும் மீறி, ஒப்புதலற்ற போருக்கு 60 நாள் வரம்பு கட்டியது. நம்மை ஆண்ட பிரான்சு 2008இல் தன் அரசியல் சட்டத்தைத் திருத்தியது: படை சென்றால் 3 நாளில் பாராளுமன்றத்துக்கு அறிவிக்க வேண்டும், 4 மாதம் கடந்தால் ஒப்புதல் பெற வேண்டும்.

வரம்புகளை மீறத் துணியும் தலைவர்கள் உண்டு. ஆனால் வரம்பு இருந்தால்தானே மீறலைத் தட்டிக்கேட்க முடியும்? வரிப்பணத்தில் ஒரு காசு செலவிடவும் மன்றத்தின் ஒப்புதல் வேண்டும். வாலிபர் உயிரைச் செலவிட வேண்டாமா? அந்தச் சட்டத்தைக் கேட்போம், கிடைக்கும்வரை கேட்போம்!