வானொலியில் எதைப் பிடிக்கணும், எதை விடணும்?



வழக்கமாக நான் வந்தால் உரம், பூச்சி, விதைநேர்த்தி என்று ஏதாவது சொல்லுவேன். இன்றைக்கு வானொலிப் பேச்சைப் பற்றியே பேசலாம் என்று வந்திருக்கிறேன். "இதுக்கும் வெள்ளாமைக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கு. ஒருத்தர் வயலில் பயிர் தீய்ந்துபோன சங்கதி இது. அந்தத் தப்பு என்னுடையது.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு வானொலியில் நெற்பயிரின் துத்தநாகச் சத்துக் குறைபாடு பற்றிப் பேசப் போயிருந்தேன். அங்கே இருந்த தம்பி, "சார், உங்க பேச்சு தூங்கி வழியுது. கொஞ்சம் ஜோரா, வேகமா பேசுங்க. அப்பதான் கேப்பாங்க" என்றார். எனக்கும் ஆசை வந்துவிட்டது. பாட்டுக்கு நடுவே பேசுகிற பிள்ளைகள் மாதிரி குரலை ஏற்றி, இறக்கி, ஒரே மூச்சில் ஓட்டிவிட்டேன். வெளியே வந்தபோது எனக்கே ஒரு பெருமை.

பத்து நாள் கழித்து மணிமங்கலம் பக்கம் போனேன். ஒரு விவசாயி வரப்பில் நிறுத்தி, "வாங்க சார், நீங்க ரேடியோவில சொன்னதைத்தான் அடிச்சேன். வந்து பாருங்க" என்று கூட்டிக்கொண்டு போனார். அரை ஏக்கர் பயிர் இலையெல்லாம் கருகி நிற்கிறது. நான் சொன்னது, 10 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் துத்தநாக சல்பேட், அதோடு 100 கிராம் யூரியா. நான் ஓட்டின ஓட்டத்தில் 'பத்து' என்ற சொல்லை முழுங்கிவிட்டேன். அவர் காதில் விழுந்தது 'லிட்டருக்கு 50 கிராம்'. பத்து மடங்கு! அவர் என்னைத் திட்டவில்லை. "நல்லாத்தான் பேசினீங்க. அளவுதான் புடிபடலை" என்றார். திட்டியிருந்தால்கூட இத்தனை நாள் மனசில் நின்றிருக்காது.

அன்றைக்கே ஒரு முடிவு செய்தேன். வானொலியில் எந்த அளவையும் இரண்டு தடவை, நிறுத்திச் சொல்லுவது என்று.

இப்போது தாம்பரம், வண்டலூர், படப்பை பக்கமெல்லாம் டீக்கடையில், ஷேர் ஆட்டோவில், டிராக்டரில்கூட எஃப்.எம். பாடுகிறது. சென்னையில் தனியார் எஃப்.எம். வந்தது 2003-ல். அதில் பேசுகிறவர்களை ஆர்.ஜே. என்கிறார்கள். ஏன் அப்படிக் கத்துகிறார்கள்? காரணம் சுலபம். நிலையங்களுக்கு விளம்பரம்தான் வருமானம். கேட்கிறவர் ஒரு விநாடி சலித்தாலும் அடுத்த நிலையத்துக்குத் திருப்பிவிடுவார். அதனால் மூச்சு விடாமல் பேசணும், எல்லாமே 'சூப்பர்', எல்லாமே 'செம', எல்லாமே 'அதிரடி'. அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல நான் வரவில்லை. பாட்டுக்கு அது பொருந்தும். களை எடுக்கிற இடத்தில் நாலு பேர் சிரித்தால் நல்லதுதானே.

வேகமாகப் பேசுவதும் தப்பில்லை. வயதானவர்களுக்கு இலங்கை வானொலி கே.எஸ். ராஜாவை ஞாபகம் இருக்கும். குதிரை ஓட்டம் மாதிரிப் பேசுவார். ஆனால் ஓர் எழுத்துகூடச் சிதறாது. அதே நிலையத்தில் பி.எச். அப்துல் ஹமீது நிதானமாகப் பேசுவார். அதுவும் தெளிவு. நம்ம பக்கம் தென்கச்சி கோ. சுவாமிநாதன் இருந்தார். விவசாயம் படித்தவர். திருநெல்வேலி வானொலியில் நம்மைப் போன்றவர்களுக்காகத்தான் முதலில் பேசிக்கொண்டிருந்தார். பிறகு சென்னை வானொலியில் 'இன்று ஒரு தகவல்' சொன்னார். குரலை ஏற்றவே மாட்டார். திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும். அவர் சிரிக்க மாட்டார், கேட்கிற நாம்தான் சிரிப்போம். 2009-ல் அவர் காலமானார். இன்றைக்கும் அந்தக் குரல் பலர் காதில் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லணும். 1960-களில் தஞ்சாவூர்ப் பக்கம் ஆடுதுறை 27 என்ற நெல் ரகத்தைத் திருச்சி வானொலி வழியாக விவசாயிகளுக்கு எடுத்துச் சொன்னார்கள். குறுவைக்கு ஏற்ற குறுகிய கால நெல். விவசாயிகள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கத்தியா அந்த நெல்லைப் பரப்பினார்கள்? விவரம் சொன்னார்கள், வயலில் விளைந்தது, ஜனங்கள் நம்பினார்கள்.

சரி, மிகைப்படுத்திப் பேசுவதால் என்ன நஷ்டம்? பெரிய வார்த்தைகள் தேய்ந்துபோகும், அதுதான் நஷ்டம். 'புலி வருது, புலி வருது' என்று தினமும் கத்தினால், நிசமாகவே புலி வருகிறபோது யார் எழுந்து ஓடுவார்கள்?

மழையையே எடுத்துக்கொள்ளுங்கள். வானிலை மையம் சொல்லுகிற வார்த்தைக்கு அளவு உண்டு. 24 மணி நேரத்தில் 7 முதல் 11 சென்டிமீட்டர் என்றால் கனமழை. 12 முதல் 20 என்றால் மிக கனமழை. 21-ம் அதற்கு மேலும் என்றால் அதிகனமழை. அந்த 'அதி'யை அலங்காரத்துக்குப் போடவில்லை, அது ஒரு கணக்கு. அரை சென்டிமீட்டர் தூறலுக்கே ஒருவர் "சென்னையே மிதக்குது மக்களே!" என்று கூவினால், நம் காது மரத்துப்போகும். அதிகனமழை என்று சொல்லுகிறபோதும் "இவங்க எப்பவும் இப்படித்தான்" என்று படுத்துவிடுவோம்.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தது. ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் சுமார் 40,000 லிட்டர் தண்ணீர். 49 சென்டிமீட்டருக்குக் கணக்குப் போடுங்கள், ஏக்கருக்குக் கிட்டத்தட்ட 20 லட்சம் லிட்டர்! முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் அடையாற்றுத் தண்ணீரில் நின்றதை மறக்க முடியுமா? கரண்ட் இல்லை, பல இடங்களில் போனும் இல்லை. பேட்டரி ரேடியோ வைத்திருந்தவருக்கு அதுதான் துணை. அந்த நாட்களில் எஃப்.எம். பிள்ளைகளும் விளையாட்டை விட்டுவிட்டு, எந்தத் தெருவில் தண்ணீர், எங்கே சாப்பாடு என்று தெளிவாகச் சொன்னார்கள். அவர்களுக்கும் நிதானமாகப் பேச வரும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

விளம்பரத்திலும் இதே கதைதான். 'தாம்பரத்துக்கு மிக அருகில்!' என்று மனை விற்பார்கள். பஸ் ஏறிப் போனால் மதுராந்தகம் தாண்டி இறக்கிவிடுவார்கள். 'ஒரே தெளிப்பில் விளைச்சல் இரட்டிப்பு!' என்று ஒரு டானிக் வரும். அதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள்.

ஆகவே, வானொலி கேட்கும்போது மூன்று விஷயங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, அளவு. எத்தனை கிராம், எத்தனை லிட்டருக்கு, எத்தனை ஏக்கருக்கு? பேச்சு தொடங்கும் முன்னாலேயே வீட்டில் படிக்கிற பிள்ளையைத் தாளும் பென்சிலுமாக உட்கார வையுங்கள்.

இரண்டாவது, இடமும் நேரமும். மழை என்றால் எந்த மாவட்டத்தில், எத்தனை மணி வரைக்கும், யார் சொன்னது? வானிலை மையம் சொன்னதா, பேசுகிறவர் தானாகச் சொன்னதா?

மூன்றாவது, சரிபார்ப்பு. மருந்து அடிக்கும் முன்னால் டப்பாவில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். சந்தேகம் வந்தால் வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேளுங்கள். ஒரு நாள் தாமதத்தால் பயிர் போய்விடாது. பத்து மடங்கு மருந்தால் போய்விடும்.

பேச்சு புரியாவிட்டால் நிலையத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். "ஐயா, வேகத்தைக் குறையுங்கள், அளவை இரண்டு தடவை சொல்லுங்கள்" என்று எழுதுங்கள். நாலு கடிதம் வந்தால் மாற்றுவார்கள்.

கடைசியாக, அன்றைக்குச் சரியாகச் சொல்லாததை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். 10 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் துத்தநாக சல்பேட், 100 கிராம் யூரியா. மறுபடியும் சொல்கிறேன். பத்து லிட்டர் தண்ணீருக்கு ஐம்பது கிராம் துத்தநாக சல்பேட், நூறு கிராம் யூரியா. எழுதிக்கொண்டீர்களா?